மோட்டார் சைக்கிள் செயினை வீட்டிலேயே குறைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் 100 முதல் 150 சிசி வரையிலான வண்டிகளில் பெரும்பாலானவை 428 அளவுள்ள செயினில் ஓடுபவை. ஆகவே இங்குள்ள விளக்கங்கள் அந்த அளவை முன்வைத்தே எழுதப்பட்டுள்ளன. பெரிய வண்டிகளுக்கு வேறுபடும் இடங்களை அந்தந்தக் கேள்வியிலேயே குறிப்பிட்டிருக்கிறேன். பட்டறைகளில் 'லிங்க்' என்று சொல்லப்படுவதைக் கண்ணி என்றும், இரு முனைகளையும் இணைக்கும் கண்ணியைக் கடைகளில் வழங்கும் பெயரால் லாக் என்றும் எழுதுகிறேன்.

செயின் தொய்ந்துவிட்டது, பின் சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்கும் அட்ஜஸ்டரும் கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டது. ஒரு கண்ணியை எடுத்துவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓடாதா?

ஓடும், ஆனால் ஓட்டக் கூடாது. அதிகம் கேட்கப்படும் கேள்வியும், அதிகமாகத் தவறான பதில் சொல்லப்படும் கேள்வியும் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே தவிர, அதன் இரும்பு ரப்பரைப் போல இழுபடுவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின் எனப்படும் சிறு இரும்புத் தண்டு, புஷ் எனப்படும் சிறு குழாய்க்குள் திரும்பித் திரும்பி உராய்கிறது. அந்த உராய்வில் இரண்டும் மிகச் சிறிதளவு தேய்கின்றன. அந்தத் தேய்மானங்களின் கூட்டுத்தொகையே நம் கண்ணுக்குத் தொய்வாகத் தெரிகிறது. 116 கண்ணிகள் கொண்ட 428 செயின் புதிதாக இருக்கும்போது அதன் மொத்த நீளம் 1473 மில்லிமீட்டர். ஒரு மூட்டுக்குக் கால் மில்லிமீட்டர் தேய்ந்தாலே மொத்தத்தில் 29 மில்லிமீட்டர் கூடிவிடும்.

இனி, குறைக்கும் கணக்கைப் பாருங்கள். செயினிலிருந்து ஒற்றைக் கண்ணியை எடுக்க முடியாது, ஒரு ஜோடியாகத்தான் எடுக்க முடியும் (காரணம் கீழே வருகிறது). ஒரு ஜோடி என்பது 25.4 மில்லிமீட்டர். அவ்வளவு நீளத்தை வெட்டி எடுத்தபின்னும் செயின் வண்டியில் சரியாக உட்காருகிறது என்றால், அது ஏற்கெனவே ஏறத்தாழ 1.7 விழுக்காடு நீண்டிருக்கிறது என்று பொருள். ஓ-ரிங் (மூட்டுகளில் கிரீஸை அடைத்து வைக்கும் ரப்பர் வளையம்) இல்லாத சாதாரண செயினை 2 விழுக்காடு நீண்டதும் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான வரம்பு. அதாவது, வெட்டலாம் என்று தோன்றும் நேரத்தில் செயின் தன் ஆயுளின் இறுதிக்கு வந்திருக்கிறது. ஓ-ரிங் உள்ள செயினுக்கு வரம்பு ஏறத்தாழ 1 விழுக்காடுதான் என்பதால், அது அந்த நிலைக்கு வருவதற்கு முன்பே மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

வெட்டுவதால் மொத்த நீளம் குறையுமே தவிர, மீதமுள்ள ஒவ்வொரு கண்ணியின் தேய்மானமும் அப்படியே இருக்கும். பல்சக்கரத்தின் பற்கள் 12.7 மில்லிமீட்டர் இடைவெளிக்காக வெட்டப்பட்டவை, செயினோ 12.9 மில்லிமீட்டர் இடைவெளியில் வந்து அவற்றின் மேல் உட்காருகிறது. ரோலர்கள் (புஷ்ஷின் மேல் சுழலும் உருளைகள்) பல்லின் அடியில் படியாமல் சரிவில் ஏறி நிற்கின்றன. நண்பர் ஒருவரின் வண்டியில் சாலையோரக் கடையொன்றில் இப்படி ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் மேம்பாலம் ஏறும்போது செயின் நழுவி முன் பல்சக்கரத்துக்கும் என்ஜின் கூட்டுக்கும் இடையில் சிக்கியது. அந்தக் கூட்டில் விரல் நீளத்துக்கு விழுந்த விரிசலையும் அதன் வழியே கசிந்த ஆயிலையும் நானே பார்த்தேன். அன்று மிச்சமானது ஒரு செயின் செட்டின் விலை. பிறகு செலவானது அதைப் போலப் பல மடங்கு.

அப்படியானால் செயினை எப்போதுதான் குறைக்கலாம்?

புதிய செயினை மட்டுமே குறைக்கலாம். கடையில் உங்கள் வண்டிக்கு உரிய எண்ணிக்கையில் கிடைக்காமல் கூடுதல் கண்ணிகளுடன் கிடைக்கும்போதும், பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையை மாற்றும்போதும் இந்தத் தேவை வரும். முன்பு யாரோ தவறான நீளத்தில் மாட்டியதால், அதிகம் ஓடாத செயினே அட்ஜஸ்டரின் கடைசியில் நிற்கிறது என்றால் அதையும் குறைக்கலாம். ஆனால் அளந்து பார்த்த பிறகே.

தேய்மானத்தை எப்படி அளப்பது?

செயினை இழுத்து விறைப்பாக்கி, ஒரு பின்னின் மையத்திலிருந்து தொடங்கி 21-ஆவது பின்னின் மையம் வரை அளவுநாடாவால் அல்லது இரும்பு அளவுகோலால் அளவெடுங்கள். இதற்குள் 20 கண்ணிகள் அடங்கும். புதிய 428 செயினில் இது 254 மில்லிமீட்டர் இருக்கும். 259-ஐத் தொட்டுவிட்டால் செயின் முடிந்தது. ஓரிடத்தில் மட்டும் அளந்து முடிவெடுக்காதீர்கள். செயின் எங்கும் ஒரே அளவாகத் தேய்வதில்லை என்பதால் மூன்று இடங்களிலாவது அளந்து, அவற்றுள் பெரிய எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள்.

அளவுகோல் கையில் இல்லையென்றால், பின் பல்சக்கரத்தின் பின்புற விளிம்பில் செயினை இரு விரல்களால் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி உயரம் வெளியே தெரிந்தால் அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

428, 520 என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன?

முதல் இலக்கம் கண்ணியின் நீளத்தை, அதாவது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரையிலான தொலைவை, அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குகளாகச் சொல்கிறது. 4 என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர், 5 என்றால் 15.875 மில்லிமீட்டர். அடுத்த இரு இலக்கங்கள் உள்தகடுகளுக்கு இடைப்பட்ட அகலத்தைக் குறிக்கும்: 20 என்றால் கால் அங்குலம், 25-உம் 28-உம் 7.94 மில்லிமீட்டர், 30 என்றால் 9.5 மில்லிமீட்டர். இதற்குப் பின்னால் வரும் 116, 120 போன்ற எண்கள் கண்ணிகளின் எண்ணிக்கை. கோயம்புத்தூர் எல்.ஜி.பி. நிறுவனத்தின் ரோலான் ஆனாலும், சென்னையில் தயாராகும் டயமண்ட் ஆனாலும், வெளிநாட்டுச் செயின் ஆனாலும் இந்த எண்முறை ஒன்றுதான். செயினின் எண்ணும் பல்சக்கரத்தின் எண்ணும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும்.

என் வண்டிக்கு எத்தனை கண்ணிகள் வேண்டும் என்று எப்படி உறுதி செய்வது?

முதல் வழி, வண்டியோடு வந்த கையேட்டைப் பார்ப்பது. இரண்டாவது, பழைய செயினை எண்ணுவது. எண்ணும்போது பின்களைத் தவறவிடுவது எளிது. பத்துக் கண்ணிக்கு ஒருமுறை சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு எண்ணுங்கள். லாக்கும் ஒரு கண்ணியே, அதையும் சேர்க்க வேண்டும். பழைய செயினைத் தரையில் நீட்டி, புதியதை அதன் அருகில் வைத்து, இரண்டின் நுனிகளும் சேரும் இடத்தில் வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். பழையது 25 மில்லிமீட்டர் நீண்டிருந்தால் இந்த முறை ஒரு முழு ஜோடியைத் தவறாகக் காட்டிவிடும். நீளத்தை ஒப்பிடாமல் எண்ணிக்கையை மட்டுமே ஒப்பிடுங்கள்.

மூன்றாவது வழி, வண்டியின் மேலேயே வைத்துப் பார்ப்பது. பின் சக்கரத்தின் ஆக்ஸிலைத் தளர்த்தி, சக்கரத்தை முன்பக்கமாகத் தள்ளி அட்ஜஸ்டரின் தொடக்கத்துக்கு அருகில் நிறுத்துங்கள். புதிய செயினை இரு பல்சக்கரங்களின் மேலும் சுற்றி, பின் பல்சக்கரத்தின் பற்களில் முனைகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக விழும் கண்ணிகள்தான் மிகுதி. சந்தேகம் வந்தால் ஒரு ஜோடி நீளமாகவே விட்டு, ஆக்ஸிலைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். ஒரு ஜோடி கூடினால் ஆக்ஸில் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர்தான் பின்னுக்குப் போகும். அட்ஜஸ்டரில் அதற்கு இடமும் மேற்கொண்டு இழுக்க மிச்சமும் இருந்தால் அந்த நீளமே சரி.

கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு: இரு அச்சுகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவை 12.7-ஆல் வகுத்து இரண்டால் பெருக்குங்கள். அதோடு இரு பல்சக்கரங்களின் பற்களையும் கூட்டி அதில் பாதியைச் சேருங்கள். பல்சக்கரங்களின் அளவு வேறுபடுவதற்காக அரைக் கண்ணி போலச் சிறிது சேருங்கள். எடுத்துக்காட்டாக, மையத் தொலைவு 550 மில்லிமீட்டர், பற்கள் 14-உம் 42-உம் என்றால், 86.6, 28, 0.5 ஆகியவை சேர்ந்து 115.1 வரும். அதை மேல்நோக்கி அடுத்த இரட்டைப்படை எண்ணாக்கினால் 116. முன் பல்சக்கரத்தை 15 பல்லாக மாற்றினாலும் இந்தக் கணக்கு 115.5 என்றுதான் வருகிறது. எனவே ஒரு பல் கூடுவதற்கோ குறைவதற்கோ பெரும்பாலும் செயினைத் தொட வேண்டியதில்லை. ஆக்ஸிலை 3 மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும்.

எண்ணிக்கை ஏன் எப்போதும் இரட்டைப்படையாகவே இருக்க வேண்டும்?

செயினில் இருவகைக் கண்ணிகள் மாறி மாறி வருகின்றன. ரோலரும் புஷ்ஷும் கொண்ட குறுகலான உள்கண்ணி ஒன்று. அதன் இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் அகலமான வெளிக்கண்ணி மற்றொன்று. வட்டமாக மூடும்போது ஒரு முனையில் உள்கண்ணியும் மறுமுனையில் வெளிக்கண்ணியும் சந்தித்தாக வேண்டும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் இது நடக்காது. வளைந்த தகடு கொண்ட அரைக் கண்ணி என்று ஒன்று விற்கப்படுகிறது. அது செயினின் மற்றப் பகுதியைக் காட்டிலும் வலுக்குறைந்தது. மெதுவாக ஓடும் இயந்திரங்களில் அதற்கு இடமுண்டு, மோட்டார் சைக்கிளில் இல்லை.

இதற்கு என்னென்ன கருவிகள் தேவை?

செயின் பிரேக்கர் எனப்படும் திருகுக் கருவி, சிறிய ஆங்கிள் கிரைண்டர் அல்லது நல்ல அரம், இடுக்கி, ஆக்ஸில் நட்டுக்கு ஏற்ற ஸ்பானர்கள், கண்ணுக்குக் கண்ணாடி. பிரேக்கர் இல்லாதவர்கள் பஞ்ச் எனப்படும் இரும்பு முளையும் சுத்தியலும் கொண்டும் செய்யலாம். ஆனால் செயினின் கீழே பின் இறங்குவதற்கு ஓட்டையுள்ள இரும்புக்கட்டையோ, வாய் சிறிது திறந்த வைஸோ இருக்க வேண்டும். வண்டியில் மாட்டியிருக்கும்போது சுத்தியலால் அடித்தால் அந்த அடி முழுவதும் கியர்பாக்ஸ் பேரிங்கில்தான் போய் விழும்.

சரியாக எந்த இடத்தில், எப்படி வெட்டுவது?

செயினைக் கழற்றி மேசைமேல் வைத்து, நிதானமாகச் செய்ய வேண்டிய பகுதி இது. லாக்குடன் விற்கப்படும் திறந்த செயினின் இரு முனைகளிலும் உள்கண்ணிகளே இருக்கும். வெட்டி முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும். 120 கண்ணிச் செயினை 116 ஆக்குவதாக வைத்துக்கொள்வோம். லாக்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, ஒரு முனையிலிருந்து எண்ணுங்கள்: உள், வெளி, உள், வெளி. இந்த நான்கும் போக வேண்டியவை. ஐந்தாவதாக வருவது உள்கண்ணி. அதுதான் இனி உங்கள் புதிய முனை. நான்காவதான வெளிக்கண்ணிக்கு இரண்டு பின்கள் உண்டு. அவற்றுள் ஐந்தாவது கண்ணிக்குள் செல்லும் பின்னை மட்டும் வெளியேற்றினால் போதும்.

அந்தப் பின்னின் மேல் நிறம் தெரியும்படி ஒரு புள்ளி வைத்துவிட்டு, இன்னொரு முறை முதலிலிருந்து எண்ணுங்கள். பின்னின் தலையை உற்றுப் பார்த்தால், அது தட்டையாக இல்லாமல் ஓரங்களில் சற்றே விரிந்து தகட்டைக் கவ்வியிருப்பது தெரியும். அந்த விரிவைக் கிரைண்டரால் தகட்டின் மட்டத்துக்குத் தேய்த்துவிட வேண்டும். தேய்க்கத் தேய்க்கத் தலை மறைந்து, ஒரு கட்டத்தில் தகட்டுக்கும் பின்னுக்கும் இடையே மெல்லிய வட்டக்கோடு தெரியத் தொடங்கும், அங்கே நிறுத்துங்கள். தேய்க்காமலே பிரேக்கரைத் திருகினால், பெரும்பாலும் செயினின் பின் அசைவதற்கு முன் கருவியின் ஊசி முறிந்துவிடும். தேய்த்த பிறகு பிரேக்கரின் ஊசியைப் பின்னின் மையத்தில் நேராக உட்காரவைத்து மெதுவாகத் திருகுங்கள். முதலில் இறுக்கமாக இருக்கும்; ஒரு சிறு 'டக்' ஒலியுடன் பின் நகரத் தொடங்கிய பிறகு எளிதாகப் போகும்.

கிரைண்டரின் தீப்பொறிகள் நெடுந்தொலைவு பறக்கும். பெட்ரோல் டேங்க், கார்ப்பரேட்டர், மண்ணெண்ணெய் நனைந்த துணி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. செயினை மேசைக்குக் கொண்டுவரச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தட்டியெடுத்த பின்னையே திரும்பப் பொருத்தலாமா?

கூடாது. அந்தப் பின் தகட்டில் மிக இறுக்கமாக அழுத்தி நிறுத்தப்பட்டிருந்தது. ஒருமுறை வெளியேறிவிட்டால் அந்த இறுக்கம் திரும்பாது. மிதிவண்டிச் செயினில் முன்பெல்லாம் அப்படிச் செய்து பழகியவர்கள் இங்கும் அதையே செய்கிறார்கள். ஆனால் இரண்டும் தாங்கும் இழுவை ஒன்றல்ல. அதே நிறுவனத்தின், அதே அளவின், அதே வகைச் செயினுக்கான புதிய லாக்கை வாங்கிப் பொருத்துங்கள்.

லாக்கின் கிளிப்பை எந்தத் திசையில் போட வேண்டும்?

மீன் வடிவிலுள்ள அந்தக் கிளிப்பின் மூடிய பக்கம், செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். செயினின் மேல்பகுதி முன்னோக்கி ஓடுகிறது. ஆகவே லாக் மேலே இருக்கும்போது மூடிய பக்கம் முன் சக்கரத்தைப் பார்க்கும். அதே லாக் கீழ்ப்பகுதிக்கு வரும்போது பின்பக்கம் பார்க்கும். இது தெரியாமல், கீழே வைத்துப் பொருத்திவிட்டு முன்பக்கம் பார்க்கிறதென்று திருப்தி அடைபவர்கள் உண்டு. திறந்த பக்கம் முன்னே போனால், எதிரில் உரசும் எந்தப் பொருளும் கிளிப்பைத் தள்ளிக் கழற்றிவிடும்.

பொருத்துவதற்கு ஏற்ற இடம் பின் பல்சக்கரம். இரு முனைகளையும் பற்களே பிடித்துக்கொள்ளும். லாக்கை உள்பக்கத்திலிருந்து செருகி, வெளிப்பக்கத்தில் தகட்டையும் கிளிப்பையும் போடுங்கள். இடுக்கியின் ஒரு வாயைக் கிளிப்பின் மூடிய முனையிலும் மறுவாயைத் திறந்த பக்கத்திலுள்ள பின்னிலும் வைத்து அழுத்தினால் கிளிப் பள்ளத்தில் வழுக்கி உட்காரும். கிளிப்பின் கால்களை விரித்து மேலிருந்து அமுக்கினால் அதன் விறைப்பு போய்விடும். இரு பின்களின் பள்ளங்களிலும் கிளிப் முழுமையாக இறங்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

ஓ-ரிங் செயினுக்கும் இதே முறைதானா?

வெட்டும் முறை ஒன்றுதான்; இணைக்கும் முறை வேறு. தகடுகளுக்கு இடையில் நான்கு ரப்பர் வளையங்களை, லாக்குடன் வரும் கிரீஸைப் பூசி, விடுபடாமல் வைக்க வேண்டும். வெளித்தகடு கையால் இறங்காது, கருவியால் அழுத்த வேண்டும். பக்கத்துக் கண்ணியின் அகலத்தை வெர்னியரால் அளந்து, அதே அகலம் வந்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் அழுத்தினால் ரப்பர் நசுங்கி, அந்த மூட்டு மடங்காமல் விறைத்து நிற்கும். திறன் மிகுந்த வண்டிகளில் கிளிப் லாக்குக்குப் பதில் ரிவெட் லாக்தான் போட வேண்டும். அதன் பின்தலை எவ்வளவு விரிய வேண்டும் என்பது லாக்குடன் வரும் தாளில் இருக்கும். ரிவெட் செய்யும் கருவி இல்லாமல் சுத்தியலால் தட்டி விரிக்க முயல வேண்டாம். அந்த ஒரு வேலைக்காக மட்டும் செயினைப் பட்டறைக்கு எடுத்துச் செல்வதில் எந்தக் குறையும் இல்லை.

என் வண்டியில் செயின் முழுக்க மூடியிருக்கிறது. புதியதை எப்படி உள்ளே கொண்டுபோவது?

மூடியைக் கழற்றுவதே நல்லது. உள்ளே பல மாத மண்ணும் கிரீஸும் குழைந்து கிடக்கும், அதையும் சுத்தம் செய்துவிடலாம். முன் பல்சக்கரத்தின் மூடியைக் கழற்றாமல் செயினை மட்டும் மாற்றுவதென்றால், பழைய செயினின் லாக்கைக் கழற்றி, அதன் ஒரு முனையில் புதிய செயினை அதே லாக்கால் தற்காலிகமாகக் கோத்து, மறுமுனையைப் பிடித்து இழுங்கள். கியர் நியூட்ரலில் இருந்தால் பழையது வெளியே வர வர, புதியது முன் பல்சக்கரத்தைச் சுற்றித் தானாக வந்துவிடும்.

மாட்டிய பிறகு எவ்வளவு தொய்வு விட வேண்டும்?

பல வண்டிகளில் கீழ்ப்பகுதியின் நடுவில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் ஆட வேண்டும். உங்கள் வண்டிக்கான எண் செயின் மூடியிலோ பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டப்பட்டிருக்கும், அல்லது கையேட்டில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பார்த்து, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் இந்த அளவை வையுங்கள். இறுக்கமாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் தவறானது. ஆள் ஏறி உட்கார்ந்து ஸ்விங் ஆர்ம் மேலே போகும்போது செயின் இன்னும் இறுகும். அப்போது இடம் இல்லையென்றால் முன் பல்சக்கரத்தின் அச்சும் பேரிங்கும்தான் அந்த இழுவையைத் தாங்க வேண்டியிருக்கும்.

இருபுறக் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்கின்றனவா என்று பார்த்து ஆக்ஸிலை இறுக்கி, நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இருந்தால் புதியதைப் போடுங்கள். டிரம் பிரேக் வண்டிகளில் சக்கரம் நகர்ந்ததால் பின் பிரேக்கின் இடைவெளியும் மாறியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். பிரேக் விளக்கு எரியும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்சக்கரங்களை விட்டுவிட்டுச் செயினை மட்டும் மாற்றலாமா?

பற்கள் சமச்சீராக, நுனி கூராகாமல் இருந்தால் மாற்றலாம். ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கிபோல் வளைந்திருந்தால், அவை புதிய செயினைச் சில ஆயிரம் கிலோமீட்டர்களில் பழையதாக்கிவிடும். என் வழக்கம் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது.

செயினைச் சுத்தம் செய்து எண்ணெய் விடும்போது என்ஜினை ஓடவிடலாமா?

ஒருபோதும் கூடாது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முதல் கியரில் ஓடவிட்டு, துணியால் செயினைத் துடைக்கும் பழக்கத்தால் விரல் இழந்தவர்கள் இருக்கிறார்கள். துணி பல்லில் மாட்டியதும் விரலும் சேர்ந்து உள்ளே போகிறது. கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றியே இந்த வேலையைச் செய்யுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்கள் சக்கரத்தைச் சுழற்றி விளையாடாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓ-ரிங் செயினைப் பெட்ரோலால் கழுவக் கூடாது, ரப்பர் கெட்டுவிடும், மண்ணெண்ணெய் போதும்.

தவறுதலாக ஒரு ஜோடி கூடுதலாக வெட்டிவிட்டேன். திரும்பச் சேர்க்க முடியுமா?

வெட்டிய துண்டிலிருந்து ஓர் உள்கண்ணியை எடுத்து, இரு லாக்குகளால் சேர்க்க முடியும். வழியில் மாட்டிக்கொண்டவர் மெதுவாக வீடு வந்து சேர அது உதவும். நாள்தோறும் ஓட்டும் வண்டியில் அதை விட்டுவைக்க நான் ஒப்பமாட்டேன். கிளிப் கழன்றால் அறுந்துபோகும் இடம் ஒன்றுக்கு இரண்டாகிவிடுகிறது. புதிய செயின் வாங்குங்கள்.

வேலை முடிந்தபின் மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?

புதிய செயினின் மூட்டுகள் படியும் தொடக்க நாட்களில் தொய்வு சற்று விரைவாகவே கூடும். முதல் 100 கிலோமீட்டரிலும், பிறகு 500 கிலோமீட்டரிலும் தொய்வையும் கிளிப்பையும் பாருங்கள். அதன்பின் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் நனைந்து வந்த ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெய் விடுங்கள்.